வாரண்ட் இல்லாமல் போலீஸார் உங்கள் கைப்பேசியைக் கேட்டால் என்ன செய்வது?

2021 அக்டோபரில் ஐதராபாத்தில், கஞ்சா ஒழிப்பு நடவடிக்கையின் பெயரில், சாலையில் போய்க்கொண்டிருந்தவர்களைப் போலீஸார் நிறுத்தி, கைப்பேசியை வாங்கி, வாட்ஸ்அப்பின் தேடல் பெட்டியில் ‘கஞ்சா’ என்று தட்டிப் பார்த்த காணொளி நாடெங்கும் பரவியது. அந்த வழியாக வந்தார்கள் என்பதைத் தவிர அவர்கள் மீது குறிப்பிட்ட சந்தேகம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கேள்வி எழுந்தபோது, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மக்களே ஒத்துழைக்கிறார்கள் என்பதுதான் காவல் துறை அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம். சீருடையில் நிற்பவர் கேட்கும்போது வாய் திறக்காமல் போனை நீட்டுவது, பிறகு ஏட்டில் ‘சம்மதம்’ என்று ஆகிவிடுகிறது. ஆகவே, சம்மதம் இல்லை என்பதை மரியாதையாகவும் தெளிவாகவும், பிறகு நிரூபிக்கக்கூடிய விதத்திலும் எப்படிச் சொல்வது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்த வழிகாட்டி. வழக்கு ஏதேனும் உங்கள் மீது ஏற்கெனவே இருக்குமானால், இதைப் படித்துவிட்டு நேராக ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

கைப்பேசியைத் திறந்து பார்க்க வாரண்ட் கட்டாயம் என்று நேரடியாகச் சொல்லும் சட்டப்பிரிவு இந்தியாவில் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘உங்கள் உரிமை’ வகைச் செய்திகளை நம்பி, அப்படியொரு பிரிவு இருப்பதாக நினைத்துக்கொண்டு நடுச்சாலையில் வாதிடுவது உங்களுக்கே ஆபத்தாக முடியும். அதே நேரத்தில், வழியில் போகிறவரின் கைப்பேசியைக் காவலர் திறந்து பார்க்கலாம் என்று சொல்லும் சட்டப்பிரிவும் இல்லை. காவல் துறையின் எந்த அதிகாரமும் ஏதேனும் ஒரு பிரிவிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்பதால், ‘எந்த வழக்கில், எந்தப் பிரிவின்படி’ என்ற கேள்வியே உங்கள் கையில் இருக்கும் முதல் கருவி.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 94-ஆவது பிரிவு, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தையோ, மின்னணுத் தகவலையோ, அது அடங்கிய தகவல்தொடர்புக் கருவியையோ ஒப்படைக்கும்படி நீதிமன்றம் சம்மன் வழியாகவும், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துப்பூர்வமான ஆணை வழியாகவும் கேட்பதற்கு இடம் தருகிறது. 96-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் சோதனை வாரண்ட் பிறப்பிக்கலாம். வாரண்ட் இல்லாமல் சோதனையிட 185-ஆவது பிரிவு அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால், விசாரணையில் இருக்கும் ஒரு குற்றம் இருக்க வேண்டும். தேவையான பொருள் அந்த இடத்தில் இருக்கிறது என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். வாரண்டுக்குக் காத்திருந்தால் தாமதமாகிவிடும் என்ற நிலை இருக்க வேண்டும். இத்தனையையும் சோதனைக்கு முன்பே வழக்கு நாட்குறிப்பில் எழுதி, 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) நகல் அனுப்ப வேண்டும். சந்தேகத்துக்குரிய பொருளைக் கைப்பற்ற 106-ஆவது பிரிவும், கைது செய்யப்பட்டவரிடம் இருக்கும் பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுக்க 49-ஆவது பிரிவும் இருக்கின்றன. ஒரு பொருளைக் கைப்பற்றுவது வேறு, அதற்குள் இருப்பதைப் படிப்பது வேறு என்பதை இந்தப் பிரிவுகள் எதுவும் தெளிவாகப் பிரித்துச் சொல்லவில்லை. நம்முடைய சிக்கல் எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அந்த இடைவெளியை நீதிமன்றங்கள் பகுதி பகுதியாக நிரப்பி வருகின்றன. 2017 ஆகஸ்ட் 24 அன்று, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமையில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டத்தின் ஆதாரமும், நியாயமான நோக்கமும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் வேண்டும். வழியோடு போகிற அத்தனை பேரின் உரையாடல்களையும் புரட்டுவது இந்த அளவுகோலில் தேறாது என்பது என் உறுதியான கருத்து. 2021 மார்ச்சில் வீரேந்திர கன்னா வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம், கைப்பேசிக்குள் தேடுவதற்குப் பொதுவாக நீதிமன்றத்தின் சோதனை வாரண்ட் வேண்டும் என்றும், அவசர நிலையில் மட்டும் காரணத்தை எழுதி வைத்துவிட்டுத் தேடலாம் என்றும் வழிகாட்டியது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இங்கே வாதிடும் வழக்கறிஞர் அதை எடுத்துக்காட்டலாம்.

அமெரிக்காவில் இதே கேள்வி 2014 ஜூன் 25 அன்று முடிவுக்கு வந்தது. சான் டியேகோவில் பதிவு காலாவதியான காருடன் பிடிபட்ட டேவிட் ரைலியின் கைப்பேசியைப் போலீஸார் வாரண்ட் இல்லாமல் பார்த்த வழக்கு அது. கைது செய்யப்பட்டவரின் சட்டைப்பையில் இருப்பதைப் பார்க்கும் பழைய அதிகாரம் கைப்பேசியின் உள்ளடக்கத்துக்கு நீளாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் சொன்னார்கள். தாமதித்தால் தொலைவிலிருந்தே தகவலை அழித்துவிடுவார்களே என்று அரசு வாதிட்டபோது, கருவியை அணைத்துவிடலாம், பேட்டரியைக் கழற்றலாம், அலைவரிசை புகாத உறையில் போட்டு வைத்துக்கொண்டு வாரண்ட் வாங்கி வரலாம் என்று நீதிமன்றம் பதிலளித்தது. கடத்தப்பட்ட குழந்தையைத் தேடுவது போன்ற உடனடி ஆபத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த ஏற்பாடு நியாயமானது. காவல் துறையின் வேலையை இது முடக்கவில்லை. ஆணை வாங்கச் செலவாகும் சில மணி நேரம், விசாரணையோடு சம்பந்தமில்லாத ஒரு நீதிபதி காரணத்தைப் படித்துப் பார்ப்பதற்கான நேரம். நமக்கும் அப்படியொரு சட்டம் தேவை.

அது வரும்வரை இன்னொரு வேறுபாட்டை மனத்தில் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் சட்டத்தை மீறி எடுத்த சான்றை நீதிமன்றம் பொதுவாக ஒதுக்கிவிடும். இந்தியாவில் அப்படி இல்லை. 1973-இல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சோதனை முறைகேடானதாக இருந்தாலும் அதில் கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் சான்றாக ஏற்கலாம் என்றது. ‘இப்போது காட்டிவிடுவோம், தப்பென்றால் பிறகு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருப்பவருக்குப் பிறகு பார்க்க அதிகம் மிஞ்சாது. மறுக்க வேண்டியதை அந்த நேரத்திலேயே மறுத்தாக வேண்டும்.

வீட்டிலிருந்து புறப்படும் முன்

சாலைச் சோதனையில் கைப்பேசி போலீஸார் கைக்குப் போவது பெரும்பாலும் நாமாகவே நீட்டுவதால்தான். டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகனிலும் இருக்கும் ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் செல்லும் என்பதால், திறந்த போனை அப்படியே காவலரிடம் கொடுத்துவிடுகிறோம். அந்த நிமிடத்தில் அவர் கையில் இருப்பது உரிமம் மட்டும் அல்ல. உங்கள் வங்கிச் செயலி, மருத்துவரிடம் பேசியது, வீட்டுப் பெண்களின் படங்கள், நீங்கள் பார்த்தே இராத குழுச் செய்திகள் எல்லாமும்தான். இதைத் தவிர்க்க எளிய வழி, உரிமத்தின் அசல் அட்டையைப் பர்சில் வைத்துக்கொள்வது. போனில்தான் காட்ட வேண்டும் என்றால், ஆண்ட்ராய்டில் ‘ஆப் பின்னிங்’, ஐபோனில் ‘கைடட் ஆக்சஸ்’ என்ற வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்துவிட்டால், அந்த ஒரு திரையை விட்டு வெளியே போக உங்கள் பின் எண் தேவைப்படும். அப்போதும் போனை உங்கள் கையிலேயே பிடித்துக்கொண்டு திரையைத் திருப்பிக் காட்டுங்கள்.

விரல் ரேகையும் முகமும் பூட்டைத் திறக்கும் வசதிகள் சௌகரியமானவை. ஆனால் உங்கள் விரலைப் பிடித்து வைக்க ஒரு நொடி போதும். நான்கு இலக்கப் பின்னை விட்டுவிட்டு, ஆறு இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண்ணை அல்லது எழுத்து கலந்த கடவுச்சொல்லை வையுங்கள். ஆண்ட்ராய்டில் பவர் பட்டனை அழுத்தினால் வரும் பட்டியலில் ‘லாக்டவுன்’ என்று இருக்கும். அதைத் தொட்டால் விரலும் முகமும் வேலை செய்யாது, பின் எண் மட்டுமே செல்லும். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒலி பட்டனையும் சேர்த்துச் சில நொடி பிடித்தால் அதே பயன். எதுவும் நினைவில் இல்லாவிட்டால் போனை அணைத்துவிடுங்கள். மறுபடி போடும்போது பின் எண்ணைத்தான் கேட்கும். பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அமைப்பை மாற்றுவதும் நல்லது.

*#06# என்று தட்டினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது உங்கள் கருவிக்கே உரிய அடையாள எண்ணைக் குறித்து, வாங்கிய பில்லுடன் சேர்த்து வீட்டில் வையுங்கள். போன் ஒருவேளை கைப்பற்றப்பட்டால், அதை மீட்கும் மனுவில் முதலில் கேட்கப்படுவது இந்த இரண்டும்தான்.

சாலையில் நிறுத்திக் கேட்கும்போது

வண்டியை ஓரம் கட்டுங்கள். கேட்ட வண்டி ஆவணங்களைக் காட்டுங்கள். பெயரும் முகவரியும் கேட்டால் சொல்லுங்கள். போனைத் திறக்கச் சொன்னால், குரலை உயர்த்தாமல், இப்படிச் சொல்வது போதும்: “சார், லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் காட்டிட்டேன். போனைத் திறந்து காட்ட எனக்குச் சம்மதம் இல்லை. என் மேல கேஸ் ஏதாவது இருந்தா எழுத்துல நோட்டீஸ் கொடுங்க சார், நான் வந்து பதில் சொல்றேன்.” இதில் சொல்ல வேண்டிய மூன்றும் இருக்கின்றன: நீங்கள் ஒத்துழைத்தீர்கள், சம்மதம் கொடுக்கவில்லை, சட்டப்படி கேட்டால் மறுக்கவில்லை. இதற்கு மேல் சட்டப்பிரிவுகளை அடுக்க வேண்டாம். அந்த இடத்தில் வாதத்தில் வெல்வது உங்கள் வேலை அல்ல. சம்மதிக்கவில்லை என்பதைப் பதிய வைப்பதே வேலை. உடன் யாராவது இருந்தால் அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

‘தப்பு பண்ணலைன்னா ஏன் பயப்படுறே?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல நீங்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், போனில் மற்றவர்கள் அனுப்பியதும் இருக்கிறது, அவர்கள் சார்பில் சம்மதம் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்பது உண்மையான பதில்.

போனைப் பறிக்க முயன்றால் இழுபறி செய்யாதீர்கள். அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்ததாக வழக்குப் போடுவது எளிது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 172-ஆவது பிரிவு, குற்றத் தடுப்புப் பணியில் காவலர் தரும் சட்டப்படியான கட்டளைக்கு இணங்க மறுப்பவரைப் பிடித்து வைக்கவும் இடம் தருகிறது. கட்டளை சட்டப்படியானதா என்பதை நடுவர் முன்னால் கேட்கலாம். சாலையில் கேட்டுத் தீர்க்க முடியாது. எடுத்துக்கொண்டு போனால், ‘சம்மதம் இல்லாமல் எடுக்கிறீர்கள் சார், ரசீது வேண்டும்’ என்று சொல்லிவிட்டு, பெயர்ப் பட்டையில் இருக்கும் பெயர், பதவி, ரோந்து வாகன எண், இடம், நேரம் ஆகியவற்றை மனத்தில் பதித்து, வீட்டுக்குப் போனதும் தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கேட்ட பிறகு எதையும் அழிக்காதீர்கள். வேறொரு கருவியிலிருந்து போனைத் துடைத்துவிடும் வசதியையும் தொடாதீர்கள். சான்றாக ஒப்படைக்க வேண்டிய மின்னணுப் பதிவை அழிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவில் தனிக் குற்றம். ஒன்றும் இல்லாத இடத்தில் குற்றத்தை நீங்களே உண்டாக்கிக் கொடுத்ததாக ஆகிவிடும். பூட்டி வைப்பது உரிமை, அழிப்பது குற்றம்.

கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டுமா

அரசியலமைப்பின் 20(3) பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. கடவுச்சொல் அப்படிப்பட்ட சாட்சியமா என்பதில் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. 1961-இல் காத்தி காலு வழக்கில் பதினொரு நீதிபதிகள், கைரேகையும் கையெழுத்து மாதிரியும் உடலிலிருந்து எடுக்கப்படுபவையே, அவை சாட்சியம் ஆகா என்றார்கள். 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் சோதனை செய்து மனத்தில் இருப்பதை வெளியே எடுப்பது செல்லாது என்றது. கடவுச்சொல் மனத்தில் இருப்பது. அதனால் செல்வி தீர்ப்பின் பக்கம்தான் அது சேரும் என்பது 2022-இல் டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் எடுத்த முடிவு. 2023 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றமும், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது கடவுச்சொல்லைச் சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரை நிர்ப்பந்திக்க முடியாது என்றது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் 2021 தீர்ப்போ, கடவுச்சொல்லைத் தருவது சாட்சியம் ஆகாது, நீதிமன்ற ஆணையை மீறி மறுத்தால் அதை வைத்து எதிரான முடிவுக்கு வரலாம் என்கிறது. உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைக்கும்வரை நீங்கள் எடுக்கக்கூடிய பாதுகாப்பான நிலை இது: வாய்மொழியாகக் கேட்டால் சொல்லாதீர்கள், நீதிமன்றம் ஆணையிட்டால் வழக்கறிஞரைக் கலந்து முடிவெடுங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவைச் சொல்லி, ‘தராவிட்டால் ஏழு வருஷம்’ என்று மிரட்டுவது உண்டு. தண்டனை உண்மைதான், ஆனால் அந்த ஆணையைப் பிறப்பிக்கும் அதிகாரம் பொதுவாக மத்திய, மாநில உள்துறைச் செயலாளர் மட்டத்தில் இருக்கிறது. சாலையில் நிற்கும் உதவி ஆய்வாளரின் வாய்ச்சொல் அந்த ஆணை ஆகாது.

நிலையத்துக்கு வரச் சொன்னால்

நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவின்படி, சாட்சியாக விசாரிக்க வேண்டியவரை எழுத்துப்பூர்வமான ஆணையின் பேரில்தான் வரச் சொல்ல முடியும். பெண்கள், 15 வயதுக்குட்பட்ட ஆண்கள், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். 180-ஆவது பிரிவு, உங்களையே குற்றத்தில் சிக்க வைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்க அனுமதிக்கிறது. கைது செய்யப்பட்டால், விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை 38-ஆவது பிரிவில் இருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.

94-ஆவது பிரிவின் நோட்டீஸில் போனை ஒப்படைக்கச் சொல்லியிருந்தால், நீங்கள் சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவரா என்பதை முதலில் கேளுங்கள். இதற்கு முன்னோடியான பழைய பிரிவு குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சியாம்லால் சோக்சி வழக்கில் சொல்லிவிட்டது. இந்த ஒரு கேள்விக்கான பதிலே உங்கள் வழக்கறிஞரின் வேலையில் பாதியைத் தீர்மானிக்கும்.

கைப்பற்றிவிட்டால்

சோதனையும் கைப்பற்றலும் ஒலி-ஒளிப் பதிவாக எடுக்கப்பட வேண்டும் என்பது 105-ஆவது பிரிவின் கட்டாயம். அந்தப் பதிவு தாமதமின்றி நடுவருக்குப் போக வேண்டும். மகஜரில் (கைப்பற்றியதை விவரித்து எழுதும் பதிவில்) கையெழுத்துப் போடும் முன் அதை வரி வரியாகப் படியுங்கள். போனின் மாடல், நிறம், இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள், சிம், மெமரி கார்டு, திரையில் ஏற்கெனவே இருந்த கீறல், போன் அணைக்கப்பட்ட நிலையில் எடுக்கப்பட்டதா என்பது வரை அதில் இருக்க வேண்டும். நேரம் எழுதாத மகஜரில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘தானாக முன்வந்து ஒப்படைத்தார்’ என்ற வரி இருந்தால், அது உண்மை அல்ல என்றால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட ‘சம்மதம் இல்லாமல் எடுக்கப்பட்டது’ என்று எழுதுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஹாஷ் மதிப்பு என்ற ஒன்றையும் கேளுங்கள். போனில் இருக்கும் மொத்தத் தகவலையும் கணித்து வரும் நீண்ட எண் அது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணுச் சான்றுக்குத் தர வேண்டிய சான்றிதழில் இது இடம்பெற வேண்டும். நகல் எடுக்கும்போதே இந்த மதிப்பைக் குறித்து உங்களுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டால், பிறகு உள்ளே எதையாவது சேர்த்தார்கள், எடுத்தார்கள் என்ற சந்தேகத்துக்கு இடமிருக்காது. அது காவல் துறைக்கும் நல்லது. கேட்டுக் கொடுக்கவில்லை என்றால், கேட்டதை மனுவாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வையுங்கள்.

பத்திரிகையாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் கூடுதல் வாதம் உண்டு, ஏனென்றால் அவர்கள் போனில் இருப்பது செய்தி கொடுத்தவரின், கட்சிக்காரரின் இரகசியம். 2023-இல் உச்ச நீதிமன்றம், ஊடகத்தினரின் கருவிகளைக் கைப்பற்றுவதற்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று மத்திய அரசிடம் சொன்னது. 2025 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு முதல் தகவல் அறிக்கை கசிந்தது தொடர்பான விசாரணையில் பத்திரிகையாளர்களிடமிருந்து எடுத்த கைப்பேசிகளைத் திருப்பித் தர ஆணையிட்டது.

திரும்ப வாங்குவதும் புகார் செய்வதும்

கைப்பற்றிய பொருளைப் பற்றி உடனே நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 106-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் முதலில் சம்பந்தப்பட்ட நடுவர் நீதிமன்றத்தில் அப்படித் தகவல் வந்திருக்கிறதா என்று வழக்கறிஞர் மூலம் பாருங்கள். வரவில்லை என்றால் அதுவே உங்கள் மனுவின் வலுவான வரி. பிறகு 497 அல்லது 503-ஆவது பிரிவின் கீழ் இடைக்காலப் பொறுப்பில் போனைத் தரக் கேட்டு மனுப் போடலாம். கைப்பற்றிய பொருள்களை நிலையத்தில் நெடுநாள் கிடக்க விடக் கூடாது, புகைப்படமும் உறுதிப்பத்திரமும் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சுந்தர்பாய் தேசாய் வழக்கில் சொன்னதை மனுவில் குறிப்பிடச் சொல்லுங்கள். தகவலை நகல் எடுத்தாகிவிட்டது என்றால், கருவியை வைத்திருக்க வேண்டிய காரணமும் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

நிலையத்துக்குள் மிரட்டியோ அடித்தோ போனைத் திறக்க வைத்திருந்தால், நாள் கடத்தாதீர்கள். 2020 டிசம்பர் பரம்வீர் சிங் சைனி தீர்ப்பின்படி எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா இருக்க வேண்டும். பதிவுகளை 18 மாதம், குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும். இன்ன தேதி, இன்ன நேரப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ மாநகர ஆணையருக்கோ முதல் வாரத்திலேயே எழுதி அனுப்புங்கள். மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் தர, சம்பவம் நடந்ததிலிருந்து ஓராண்டுதான் அவகாசம்.

போன் கைக்கு வந்ததும், நீதிமன்றம் எதையும் மாற்றக் கூடாது என்று நிபந்தனை விதித்திருக்கிறதா என்று ஆணையைப் படித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் அந்தக் கருவியை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, வேறு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். நிபந்தனை இல்லையென்றால், வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினி ஏதேனும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அந்தத் திரையைத் தேதியும் நேரமும் தெரியும்படி இன்னொரு போனில் படம் எடுத்து வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டு, பிறகு அந்த இணைப்பைத் துண்டியுங்கள்.